சமன்பாடா, கிராஃபா? நான் கிராஃப் கட்சி

கொருக்குப்பேட்டையில் மாலை டியூஷன் எடுக்கிறேன். இயக்கம் பாடத்தில் இத்தனை வருஷமாகச் சமன்பாடுகளை மனப்பாடம் செய்யவைத்துவிட்டுத்தான் திசைவேகம்-காலம் வரைபடத்துக்குப் போவேன். இந்த வருஷம் திருப்பிப் போட்டேன். இனி மாற்றுவதாக இல்லை.

திசைவேகத்தைக் கிராஃபில் நேராகவே படித்துவிடலாம். முடுக்கத்துக்குக் கோட்டின் சாய்வைப் பார்த்தாலும், வேக மாற்றத்தைக் காலத்தால் வகுத்தாலும் வேலை ஒன்றுதான்.

பிள்ளைகள் சறுக்குவது, முடுக்கம் நடுவழியில் மாறும்போது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ கிளம்புகிறது என்று ஒரு கணக்குக் கொடுத்தேன் (எண்கள் நானே போட்டவை). 20 விநாடியில் 20 மீ/வி வேகம் எடுக்கிறது. 50 விநாடி அதே வேகம். பிறகு 25 விநாடியில் பிரேக் பிடித்து நிற்கிறது. ஓடிய தூரம் எவ்வளவு? "எஸ் ஈக்வல் டு யூடி பிளஸ் ஹாஃப் ஏடி ஸ்கொயர், சார்" என்று ஒரு பையன் மொத்த 95 விநாடியையும் அதில் போட்டான் (எஸ் தூரம், யூ தொடக்க வேகம், ஏ முடுக்கம், டி காலம்). விடை 4,512.5 மீட்டர். "நிக்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுட்டு எங்கடா போற?" என்றேன். அந்தச் சமன்பாடு முடுக்கம் மாறாத வரைக்கும்தான் செல்லும். மூன்று துண்டாக்கினால் 200, 1,000, 250 என்று சரியாகவே வரும். ஆனால் எங்கே வெட்டுவது என்று சமன்பாடு சொல்லாது. கிராஃபில் கோடு மடிவது கண்ணுக்கே தெரியும். கோட்டுக்கு அடியில் இருக்கும் பரப்புதான் தூரம். இங்கே அது ஒரு சரிவகம்: 95ஐயும் 50ஐயும் கூட்டிப் பாதியாக்கி, 20ஆல் பெருக்கினால் 1,450 மீட்டர்.

பின்னால் போகும் வண்டிக்கும் இதே கதைதான். பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஷண்டிங் இன்ஜின் 4 மீ/வி வேகத்தில் 30 விநாடி முன்னே, 3 மீ/வி வேகத்தில் 20 விநாடி பின்னே. அச்சுக்கு மேலே 120, கீழே 60. கழித்தால் இடப்பெயர்ச்சி, அதாவது கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது, 60 மீட்டர். கூட்டினால் ஓடிய தூரம் 180.

கிராஃபிலும் ஓட்டை உண்டு. வண்டி எந்த இடத்தில் கிளம்பியது என்று அதில் இருக்காது. பரப்பு தருவது இட மாற்றம் மட்டுமே. 300 மீட்டர் குறியில் கிளம்பியது என்று கேள்வியில் இருந்தால், 1,450ஐ அதோடு கூட்டினால்தான் நிலை வரும். கோடு வளைந்தால் கட்டம் எண்ண வேண்டும், விடை தோராயம்தான். (கிராஃப் தாள் மறந்த நாளில் கட்டம் போட்ட கணக்கு நோட்டே போதும்.)

நீட் பிள்ளைகளுக்கு நான் எடுத்ததில்லை. முடுக்கம் மாறாது என்று கேள்வியிலேயே இருந்தால் அங்கே சமன்பாடுதான் சீக்கிரம் முடியும் என்று தோன்றுகிறது. என்னிடம் வந்தால், அதற்கும் ஓரத்தில் ஒரு கோடு கிழித்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.