ஜாமீனுக்கு ஆள் நிறுத்துவதா, ரொக்கம் கட்டுவதா?

ஜாமீன் உத்தரவில் வழக்கமாக வரும் வரி இது: சொந்தப் பிணை (ஜாமீன் பெறுபவர் தானே எழுதிக் கொடுப்பது) 10,000 ரூபாய், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அதாவது அவர் வாய்தாவுக்கு வராவிட்டால் பணத்துக்குப் பொறுப்பேற்பவர்கள். உத்தரவு வந்த அன்றே வீட்டார் அந்த இரண்டு பேரைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். ஆள் நிறுத்தாமல் ரொக்கமாகக் கட்டவும் வழி உண்டு என்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 445ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 490ஆவது பிரிவு; இனி வரும் பிரிவு எண்களும் இந்தப் புதிய சட்டத்துடையவை. தொகை சிறியதாக இருந்தால் நான் ரொக்கத்தின் பக்கம்தான்.

மற்ற வழிகளை முதலில் ஒதுக்கிவிடலாம். ஜாமீனில் விடத்தக்க குற்றமாக இருந்து, கைதாகி ஒரு வாரத்துக்குள் ஆள் கொடுக்க முடியவில்லை என்றால், வசதியில்லாதவர் என்றே கருதிச் சொந்தப் பிணையில் விடச் சொல்கிறது 478ஆவது பிரிவு. அங்கே இந்தக் கேள்வியே எழாது. பத்து சதவீதம் போலக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளை வெளியே எடுக்கும் அமெரிக்கக் கம்பெனிகள் நம் ஊரில் கிடையாது. கோர்ட்டு வாசலில் காசுக்கு நிற்கும் ஆள்தான் அதற்கு இங்குள்ள திருட்டு வடிவம். அந்தப் பக்கமே போக வேண்டாம். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நிற்கிறோம் என்று ஒவ்வொரு ஜாமீன்தாரரும் எழுதிக் கொடுக்க வேண்டும். அது பொய், வரி ரசீது போலி என்று தெரிந்தால் ஜாமீனும் போகும், புது வழக்கும் சேரும்.

சொந்தபந்தத்தில் ஆள் நிறுத்துவதற்கு வருவோம். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, நிலமிருந்தால் பட்டா, சிட்டா, சில கோர்ட்டுகளில் தாசில்தாரின் சொத்து மதிப்புச் சான்று என்று கேட்பார்கள். உயர் நீதிமன்ற உத்தரவென்றால் பிணைப் பத்திரத்தில் போட்டோ ஒட்டி இடது பெருவிரல் ரேகையும் வைக்க வேண்டும். டெல்டாவில் காரியம் சிக்குவது பெரும்பாலும் பட்டாவில். பதினைந்து மா நிலத்தில் சாகுபடி செய்பவர் என்று ஊரே சொல்லும். நிலமோ கோயிலுடையது அல்லது மடத்துடையது, அவர் குத்தகைதாரர். குடியிருக்கும் வீடும் கோயில் மனையில் இருக்கும். சொந்த நிலம் உள்ளவர்களில் பாதிப் பேருக்குக் கூட்டுப் பட்டா, இல்லையென்றால் இன்னமும் தாத்தா பேரிலேயே கிடக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஒரு ஜாமீன்தாரரை ஏற்க மறுத்தால், உள்ளே இருப்பவருக்குத் திங்கள்வரை திருச்சி மத்திய சிறைதான். வேறு மாவட்டத்து ஆள், வேறு மாவட்டத்துச் சொத்து என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று 1978இல் மோதி ராம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் அதை எடுத்துச் சொல்லத் தயாராக வரவேண்டும்.

இதெல்லாம் ஒரு நாள் இரண்டு நாள் அலைச்சல். நான் பெரிதாக எடுத்துக்கொள்வது, போட்ட கையெழுத்திலிருந்து எப்போது விடுபடுவோம் என்பதைத்தான். வழக்கு முடியும்வரை அந்தப் பொறுப்பு தொடரும். சாதாரண அடிதடி வழக்கே வருடக்கணக்கில் ஓடும். நடுவில் ஜாமீனில் வந்த பையனுக்குச் சிங்கப்பூர் விசா வந்துவிடும், சொல்லாமல் ஏறிவிடுவான். வாய்தாவுக்கு ஆள் வரவில்லையென்றால் பிடியாணை, பிறகு பிணை பறிமுதல், அடுத்தது 491ஆவது பிரிவின்கீழ் ஜாமீன்தாரர் வீட்டுக்கு நோட்டீஸ். இரண்டு பேர் என்பதால் ஆளுக்கு 5,000 என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படியில்லை, ஒவ்வொருவரும் தனித்தனியே முழு 10,000 ரூபாய்க்குப் பொறுப்பு. கட்டாவிட்டால் அபராதத்தைப் போல வசூலிப்பார்கள். வசூலாகவில்லையென்றால் ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்கச் சட்டத்தில் இடமுண்டு.

நடுவில் விலகிக்கொள்ள 489ஆவது பிரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நீங்கள் மனு கொடுத்ததும் மாஜிஸ்திரேட் செய்யும் முதல் வேலை, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பிடியாணை அனுப்புவது. அவர் வந்து வேறு ஆள் தரவேண்டும், தராவிட்டால் சிறை. மச்சானுக்குக் கையெழுத்துப் போட்டவர் மச்சான் மேலேயே வாரண்ட் வாங்கித்தான் வெளியே வரமுடியும். அதற்குப் பிறகு தங்கச்சி வீட்டு வாசப்படியை எப்படி மிதிப்பது? சரி, ஆள் ஓடிவிட்டால் நாங்கள் ஈடு செய்கிறோம் என்று குடும்பத்தாரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றால், அந்தப் பத்திரம் பொதுநலனுக்கு விரோதம் என்று சொல்லிக் கோர்ட்டு தள்ளிவிடும்.

ஆகவே உங்களிடம் கையெழுத்துக் கேட்டு வந்தால், அந்தத் தொகையையோ அதில் ஒரு பங்கையோ கைமாற்றாகக் கொடுத்து ரொக்கமாகக் கட்டச் சொல்லுங்கள். ஆள் வராமல் போனால் கட்டிய பணம் பறிபோகும், அவ்வளவுதான். நோட்டீஸ் உங்கள் பேருக்கு வராது, பட்டாவும் மாட்டிக்கொள்ளாது.

ரொக்கத்தைக் கோர்ட்டு அனுமதிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. உரிமையாகக் கேட்க முடியாது, எவ்வளவு என்பதும் கோர்ட்டு முடிவு. அதனால் ஜாமீன் மனுவிலேயே மாற்றுக் கோரிக்கையாகச் சேர்த்துவிட வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவில் இரு நபர் ஜாமீன் என்று வந்துவிட்டால், அங்கேயே போய் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று மாஜிஸ்திரேட் சொல்லக்கூடும். கும்பகோணத்துக்காரருக்கு அது மதுரைக் கிளை. பக்கத்து மயிலாடுதுறைக்காரருக்குச் சென்னை.

பணம் கட்டும்போது ரசீதில் பெயர் யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவதும் அந்தப் பெயருக்குத்தான். வழக்கு எண்ணும் சரியாக இருக்க வேண்டும். ரசீதை அன்றே நகலெடுத்து வையுங்கள், சில வருடத்தில் எழுத்து மங்கிவிடும். தீர்ப்பானதும் பணம் தானாக வராது, தனி மனு போடவேண்டும். அப்பீல் காலம் முடியட்டும் என்று நிறுத்திவைப்பதும் உண்டு. வழக்கு செஷன்சுக்குப் போயிருந்தாலும் பணம் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே கிடக்கலாம், எங்கே என்று விசாரித்துவிட்டு மனு எழுதுங்கள்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பணம் வந்த தை, மாசியில் 20,000 புரட்டுவது வேறு, சம்பா வயலில் காசெல்லாம் இறங்கிக் கிடக்கும் கார்த்திகையில் புரட்டுவது வேறு. மூன்று வட்டிக்கு வாங்கி வருடக்கணக்கில் கோர்ட்டில் முடக்குவதைவிட ஆள் நிறுத்துவதே மேல். லட்சக்கணக்கில் கேட்டாலும் அப்படித்தான். ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று எழுதிக் கொடுக்கும் நன்னடத்தைப் பிணைக்கு ரொக்கம் செல்லாது, சட்டமே விலக்கிவிட்டது.

கையெழுத்துப் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் பத்திரத்தில் தொகை, வழக்கு எண் இரண்டையும் படித்துவிட்டுப் போடுங்கள். வழக்குக்கென்று தரப்படும் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணை வாங்கி, கோர்ட்டுகளின் ஈகோர்ட்ஸ் செயலியில் ஏற்றிவைத்தால் அடுத்த வாய்தா தேதி உங்கள் போனிலேயே தெரியும். முதல் தடவை ஆள் வராதபோதே வக்கீலைப் பிடித்து வாரண்டைத் திரும்பப் பெற மனு போடச் சொல்லுங்கள். நோட்டீஸ் வந்துவிட்டால் ஒளியாமல் ஆஜராகுங்கள். ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் தொகையில் ஒரு பகுதியைக் குறைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. விசாரணை முடியும் தறுவாயில் மேல்கோர்ட்டில் ஆஜராவதற்காக ஆறு மாதத்துக்கு இன்னொரு பிணை கேட்பார்கள், இது 481ஆவது பிரிவு. பழைய சட்டத்தில் அதற்கும் ஜாமீன்தாரர் வேண்டும். புதியதில் சொந்தப் பிணையை ஏற்கவும் இடமிருக்கிறது. அன்றைக்கு உங்களை மறுபடி கூப்பிட்டால், அதைக் கேட்டுப் பார்த்தாயிற்றா என்று முதலில் வக்கீலிடம் விசாரியுங்கள்.