நீல டப்பாவில் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்: ஓபிடி ஸ்கேனர், மூன்று ஆண்டுப் பயன்பாடு

மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்து பி0171 என்று கோடு (எஞ்சின் கணினி தரும் கோளாறு எண்) வந்தால், பெரும்பாலும் முதலில் கை போவது ஆக்சிஜன் சென்சர் மேல்தான். கழற்று, புதுசு மாட்டு, கோடை அழி. இரண்டு வாரத்தில் விளக்கு மறுபடியும் எரியும். அந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்று: கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு. ஏன் என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க 30 வெள்ளி (ரிங்கிட்) சொச்சத்துக்குக் கிடைக்கும் நீல டப்பாவே போதும்: ஈஎல்எம்327 சிப்பின் நகல் வைத்த ஓபிடி ஸ்கேனர். காடியின் (காரின்) சோதனை சாக்கெட்டில் செருகினால், எஞ்சின் கணினியான ஈசியு தரும் எண்களை ஃபோன் செயலிக்கு அனுப்பும். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பாதைகளில் ஓடும் மைவி, சாகா, வியோஸ் காடிகளில் மூன்று வருடம் செருகிப் பார்த்த பிறகு எழுதுவது இது.

வாங்கும்போது ஒரு வேடிக்கை. அசல் சிப்பை உருவாக்கிய நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. ஆனாலும் நகல்களில் 1.5 என்று வருவதுதான் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்கிறது. 2.1 என்று போட்டு வருபவற்றில் பல, பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே தராது. பழைய காடிகளோடு பேசவும் செய்யாது. ஐபோன்காரர்கள் சாதாரண புளூடூத் வகையை வாங்கினால் பணம் வீண். வைஃபை அல்லது பிஎல்இ (குறைந்த மின்சார புளூடூத்) வகைதான் இணையும்.

செயலி எதுவானாலும் பார்க்க வேண்டியவை ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃபியூவல் ட்ரிம் இரண்டும்தான். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கைப் பிடித்து நிற்க, ஈசியு எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே ட்ரிம். ஷார்ட் நொடிக்கு நொடி ஆடும், லாங் மெதுவாகக் கற்றுக்கொண்டு நகரும். இரண்டையும் கூட்டிப் படிக்க வேண்டும். ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை. பத்தைத் தாண்டினால், விளக்கு எரியாவிட்டாலும் தேட ஆரம்பிக்கலாம்.

எஞ்சின் நன்றாகச் சூடேறி, செயலியில் குளோஸ்டு லூப் (ஆக்சிஜன் சென்சரைப் பார்த்து ஈசியு கலவையைத் திருத்தும் நிலை) என்று வந்த பிறகுதான் எண்கள் செல்லுபடியாகும். ஏர்கோனை அணைத்துவிட்டு ஐடிலில் (பெடலை மிதிக்காமல்) ஒரு முறை, 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து ஒரு முறை எழுதிக்கொள்ள வேண்டும். கோடை முதலில் அழிக்கவே கூடாது. அழித்தால் கோளாறு வந்த நேரத்து எண்களின் பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேமும் கற்ற ட்ரிம்மும் சேர்ந்தே போய்விடும்.

வியோஸை எடுத்துக்கொள்வோம். ஐடிலில் ஷார்ட் +6, லாங் +14. 2500க்குப் போனால் கூட்டுத்தொகை +3. இது வேக்குவம் கசிவு, அதாவது அளக்கப்படாத காற்று ஓட்டை வழியாக எஞ்சினுக்குள் புகுவது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. வேகம் கூடினால் அதே ஓட்டை ஒன்றுமில்லாமல் போகும். பிசிவி ஹோஸை (எஞ்சின் உள்வாயுவைக் காற்றுப் பாதைக்குக் கொண்டுபோகும் குழாய்) பிளையரில் துணி சுற்றி இறுக்கிப் பிடித்தால், ஷார்ட் நாலைந்து நொடியில் +6லிருந்து -10க்கு விழும், லாங் +14லேயே நிற்கும். விழுந்தால் ஆள் அகப்பட்டான். வெடிப்பு பெரும்பாலும் ஹோஸ் வளைவின் அடிப்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இருக்கும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நிறுத்தும் காடிகளில் எலிப் பல் தடத்தையும் தேட வேண்டும். ஆந்தைக் கூடு வைத்து எலியைக் கட்டுப்படுத்தும் ஊர் இது. கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்தும் தேடலாம், ஆனால் சூடான எக்சாஸ்ட் பக்கம் அடித்தால் தீப்பிடிக்கும்.

மைவியில் இதே கணக்கைப் போட்டால் ஏமாறுவோம். வியோஸில் காற்றை அளப்பது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர்; கசிந்து வரும் காற்றை அது பார்ப்பதே இல்லை. மைவி, சாகாவில் மேப் சென்சர்; அது அளப்பது மேனிஃபோல்டில், அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயில், உள்ள அழுத்தத்தை. கசிந்த காற்றும் மேனிஃபோல்டில் அழுத்தமாகத் தெரிவதால், ஈசியு அதற்கும் சேர்த்தே பெட்ரோல் ஊற்றிவிடும். ட்ரிம் அதிகம் அசையாது, ஐடில் மட்டும் 1100, 1200 என்று ஏறி நிற்கும். இங்கே மேப் எண்ணைப் பாருங்கள்: எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டால் 100 கேபிஏ (அழுத்த அளவு) பக்கம், ஐடிலில் 30லிருந்து 35. ஐடிலில் 45 காட்டினால் கசிவைத் தேடலாம்.

ஐடிலில் சரியாக இருந்து, மேட்டில் ஏறும்போது மட்டும் ப்ளஸ் ஏறினால் ஃபில்டரோ பம்ப்போ பெட்ரோல் தர மறுக்கிறது. வியோஸ் என்றால் ஏர்ஃப்ளோ சென்சரில் செம்மண் புழுதி படிந்திருக்கவும் கூடும். ஈப்போவிலிருந்து வரும்போது மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேடு இதற்கு நல்ல சோதனை. செயலியில் பதிவை ஓடவிட்டு, ஃபோனைப் பக்கத்து சீட்காரர் கையில் கொடுங்கள்.

கோடு லீன் (பெட்ரோல் குறைவு) என்கிறது, ஆனால் ஸ்பார்க் பிளக் கரியாக இருக்கிறது என்றால் எக்சாஸ்ட் பைப்பைப் பாருங்கள். ஆக்சிஜன் சென்சருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். சென்சர் அதை லீன் என்று நம்பும், ஈசியு தேவையில்லாமல் பெட்ரோல் ஊற்றும். ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனாலும் எரியாத ஆக்சிஜன் இதே பொய்யைச் சொல்ல வைக்கும்.

ட்ரிம் மைனஸ் பக்கம் போனால் சந்தேகப்பட வேண்டியவை கசியும் இன்ஜெக்டர், திறந்தே நிற்கும் பர்ஜ் வால்வு (டாங்கியின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடுவது). கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று கூலண்ட் வெப்பம். சூடான நாடு என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும்வரை கூலண்டைத் தடுக்கும் வால்வு) கழற்றிப் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் 70 டிகிரியைத் தாண்டவில்லை என்றால், எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து ஈசியு பெட்ரோலைத் தாராளமாகக் கொடுக்கும். அதற்குக் கோடே வராமல் போகலாம். பெட்ரோல் செலவில்தான் தெரியும்.

ஸ்கேனரின் குறைகள்: கே-லைன் என்ற பழைய தொடர்பு முறையில் பேசும் காடிகளில் எண்கள் மெதுவாக வரும், நான்கு சென்சருக்கு மேல் தேர்ந்தெடுத்தால் திணறும். ஸ்கேனர் செருகும் சாக்கெட்டின் 16ஆவது பின்னில் எப்போதும் மின்சாரம் இருப்பதால், வாரக் கணக்கில் ஓடாத காடியில் செருகியே விட்டால் பேட்டரி இறங்கிவிடும். கழற்றும்போது அடிப்பகுதியைப் பிடித்து நேராக இழுங்கள். மேல் மூடியைப் பிடித்து இழுத்தால் மூடி கையோடு வரும், சர்க்கியூட் போர்டு சாக்கெட்டிலேயே நிற்கும்.