1098 உடனே எடுக்கிறது, பாஸ்புக்கில்தான் இழுக்கிறது

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குழந்தைகளுக்கான உதவிச் சேவைகளை வருடக்கணக்கில் புழங்கிப் பார்த்தால் ஒன்று விளங்கும். போன் போட்டால் ஆள் வந்துவிடுகிறார்கள். வந்து போன பிறகு அந்தக் குடும்பம் நிமிர்வதும் நிமிராததும் விஏஓ ஆபீஸிலும் பேங்க் கவுன்ட்டரிலும்தான் இருக்கிறது.

முதலில் 1098, குழந்தைகளுக்கான உதவி எண். காசில்லை, ராத்திரியும் எடுப்பார்கள். 2023 முதல் படிப்படியாக அரசே ஏற்று நடத்துகிறது, அவசர உதவி எண் 112-உடனும் இணைத்திருக்கிறார்கள். எடுத்ததும் ‘தமிழ்நாடு, இன்ன மாவட்டம், இன்ன தாலுகா’ என்று தொடங்குவது நல்லது. தளி, அஞ்செட்டி ஓரங்களில் செல்போன் கர்நாடக டவரைப் பிடித்துக்கொண்டால் பேச்சு கன்னடத்தில் தொடங்கிவிடுவதுண்டு. அடுத்து பிள்ளையின் வயது, இப்போது எங்கே இருக்கிறது, அடையாளத்துக்குப் பக்கத்தில் என்ன கோயில், என்ன கடை. ‘ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் பண்றாங்க’ என்று மட்டும் சொன்னால் அலைச்சல்தான் மிச்சம்.

குழந்தைத் திருமண விஷயத்தில் பெண் வீட்டு முகவரி மட்டும் போதாது. மாப்பிள்ளை ஊரும் முகூர்த்த நேரமும் வேண்டும். மண்டபத்துக்கு ஆள் வருவது தெரிந்தால் விடியற்காலையில் ஏதாவது மலைக்கோயிலில் தாலி ஏறிவிடும். வயதுச் சான்றும் முக்கியம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 94-ஆம் பிரிவுப்படி பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று முதலில், அது இல்லையென்றால் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் மருத்துவச் சோதனை. ஆதாரிலுள்ள தேதியைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

இந்தச் சேவையில் பெரிய ஓட்டை, வயது வரும்வரை கல்யாணம் செய்ய மாட்டோம் என்று பெற்றோரிடம் வாங்கும் எழுத்துமூல உறுதி. கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து உறவுக்காரர் ஊரில் முடித்துவிடுகிறார்கள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இன் 13-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் தடையாணை வாங்கிவிட்டால் கதை வேறு. அதை மீறி நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லவே செல்லாது. தடையாணை கேட்கச் சொல்லி சமூகநல அலுவலகத்தை விடாமல் நச்சரிக்க வேண்டும், தானாக நடப்பது அபூர்வம்.

‘போன் பண்ணினா புள்ளயத் தூக்கிட்டுப் போய் ஹோம்ல போட்டுடுவாங்க’ என்கிற பயம் எல்லா ஊரிலும் உண்டு. மீட்ட பிள்ளையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஹோம், அதாவது குழந்தைகள் காப்பகம், கடைசி வழி. வீட்டிலேயே வைத்துக் காப்பாற்ற முடியுமா என்றுதான் சட்டம் முதலில் கேட்கச் சொல்கிறது. குழு முன் நிற்பதற்காக அஞ்செட்டி மலையிலிருந்து ஒரு தாய் கிருஷ்ணகிரிக்கு வந்து போனால் ஒருநாள் கூலி போய்விடுகிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழிசெய்வது மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு, பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். விதவைத் தாய், கணவன் விட்டுப்போன தாய், தாத்தா பாட்டியிடம் வளரும் அநாதைப் பிள்ளை, பெற்றோருக்குத் தீராத நோய் போன்றவை தகுதி. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 தாண்டக் கூடாது. கலெக்டர் ஆபீஸ் கட்டடமோ வெளியோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே இருக்கிறதோ அங்கே மனு.

மனு சிக்குவது பெரும்பாலும் இங்கேதான்: வருமானச் சான்று. இ-சேவையில் போட்டதும் விஏஓ, ஆர்ஐ வழியாக மேலே போகும். பழக்கத்தில் 84,000, 96,000 என்று எழுதிவிட்டால் கிராமத்துப் பிள்ளைக்கு அதோடு சரி. விண்ணப்பிக்கும்போதே விஏஓவைப் பார்த்து, எந்தத் திட்டத்துக்கு என்று சொல்லிவிட வேண்டும். இன்னொன்று பெயர். ரேஷன் கார்டில் மாதம்மாள், ஆதாரில் மாதம்மா, இறப்புச் சான்றில் மனைவி பெயர் மாது. மூன்றும் ஒருவர்தான் என்று ஊருக்கே தெரியும், ஃபைலுக்குத் தெரியாது. மனு போடும் முன்பே திருத்திவிடுங்கள்.

அனுமதி கிடைத்த பிறகும் பணம் வராத கேஸ்கள் உண்டு. கணக்கில் ஆதாரை இணைத்திருப்பது வேறு, அரசுப் பணம் நேரடியாக வந்து விழும் (டிபிடி) கணக்கு எது என்று, பேங்குகளின் பணப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் என்பிசிஐ-யில் பதிந்திருப்பது வேறு. பள்ளி உதவித்தொகைக்காகப் போஸ்ட் ஆபீஸில் கணக்குத் தொடங்கும்போது பதிவு அங்கே மாறியிருக்கும். குடும்பம் பழைய பாஸ்புக்கையே வரி வரியாகப் பார்த்துக்கொண்டு ‘வரலீங்க சார்’ என்று நிற்கும். பேங்கில் ‘இந்த ஆதாருக்கு டிபிடி எந்தக் கணக்கில் இருக்கிறது’ என்று கேட்டால் இரண்டு நிமிட வேலை. 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்காமல் விட்டதும் அடிக்கடி தொல்லை தருகிறது.

பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க முடியாதவர்களுக்கும் மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டமும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 15-இல் தொடங்கியது, மாதம் 2,000. எது பொருந்தும் என்று அதே அலகில் கேட்கலாம்.

தொகை நின்றுபோவது பெரும்பாலும் பள்ளி வருகையால். 30 நாளுக்கு மேல் பிள்ளை வராவிட்டால் நிறுத்தி வைக்க விதி இடம் கொடுக்கிறது. பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மழை விட்டதும் செங்கல் சூளைக்கோ பெங்களூர் கட்டட வேலைக்கோ குடும்பத்தோடு கிளம்புகிற வழக்கத்துக்கும் இந்த விதிக்கும் நேர்மோதல். சரியாக அந்தச் சமயத்தில்தான் காசும் அதிகம் தேவைப்படும். அதனால் வேலைக்கு முன்பணம் வாங்கும் முன்பே ஏற்பாடு பேசிவிட வேண்டும். பிள்ளையைப் பாட்டியிடம் விடுவதென்றால் தலைமையாசிரியரிடம் பாட்டியின் போன் நம்பரைக் கொடுக்க வேண்டும். விடுதியில் சேர்ப்பதென்றால், தொகை தொடருமா என்று அலகில் கேட்ட பிறகே சேர்க்க வேண்டும். போகிற இடத்துக்கே கூட்டிப் போவதானால் டிசி வாங்காவிட்டாலும் பள்ளிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எமிஸ் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.