தவறணைக்கு என்ன விலை? நான்கு கணக்குகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை விளையாட்டை ஆடும் எந்தக் குழுவும், கதைக்குள் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு தவறணை, அதாவது குடிக்கவும் தங்கவும் ஆட்கள் வரும் சத்திரம், வாங்கப் பார்க்கும். திருகோணமலை உவர்மலையில் கூடி ஆடும் எங்கள் குழுவும் அப்படித்தான். நீள்வாள் 15 தங்கக் காசு, சவாரிக் குதிரை 75 தங்கம் என்று விதிப் புத்தகம் சொல்லிவிடுகிறது. நடந்துகொண்டிருக்கும் ஒரு வியாபாரத்தை விலைக்குக் கேட்டால் ஆட்டத்தை நடத்தும் டி.எம். தலையைச் சொறிய வேண்டியதுதான்.

கணக்கெல்லாம் ஐந்தாம் பதிப்பின் 2014 டி.எம். கையேட்டை வைத்து. 2024 கையேட்டின் பாஸ்டியன் (வீரர்களின் சொந்தத் தளம்) ஏற்பாட்டில் சிறப்பு அறைகள் வீரரின் லெவலோடு சேர்ந்து வருகின்றன, காசுக்கு விற்பதில்லை. அங்கே பேரத்துக்கே இடமில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதல் வழி, கட்டுமானச் செலவையே விலையாகச் சொல்வது. கையேட்டின் பட்டியலில் வணிகச் சாவடி 5,000 தங்கம், கட்டி முடிக்க 60 நாள். சிறு கோட்டை 50,000. சத்திரமும் கடையும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பலர் சாவடியின் 5,000-ஐ அப்படியே தவறணைக்கும் ஒட்டிவிடுகிறார்கள். விற்பவன் வாய்க்கு நல்ல தொகைதான். கோட்டைக்கும் கோபுரத்துக்கும் இந்த முறை சரி, அங்கே வாங்குவது சுவரை. தவறணையில் வாங்குவது வருகிற ஆட்களை. அவர்கள் வருவார்களா என்பதைச் சுவரின் விலை சொல்லாது.

இரண்டாவது, வருமானத்தை வைத்து விலை போடுவது. என் கட்சி இதுதான், ஆனால் புத்தகத்தை அப்படியே நம்பினால் கவிழ்ந்துபோவீர்கள். நகரச் சத்திரத்துக்குப் பராமரிப்பு நாளுக்கு 5 தங்கம், ஆட்கூலியும் அதற்குள் அடக்கம். முதலாளி 30 நாளும் கூடவே நின்றால் நூறு முகப் பகடையில் விழுவதோடு 30 கூட்டலாம், எண் கூடினால் மாதம் நல்ல மாதம். அப்போது பத்தில் ஒரு பங்கு வாய்ப்பில் 75 தங்கம் நட்டம், இரண்டு பங்கில் வரவும் செலவும் சரி, இரண்டு பங்கில் சராசரி 17.5 லாபம், ஒரு பங்கில் 45, மீதி நான்கு பங்கில் 82.5. எல்லாம் சேர்த்தால் மாதம் 33.5 தங்கம். 5,000 கொடுத்து வாங்கினால் போட்ட காசு திரும்பப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல்.

இன்னொரு கூத்தும் உண்டு. லாபம் எவ்வளவு என்று சொல்லும் பகடை எல்லா வியாபாரத்துக்கும் ஒன்றே, நட்டம் மட்டும் பராமரிப்புச் செலவோடு கூடும். அதனால் நாளுக்கு 2 தங்கம் செலவாகும் சின்னக் கடை மாதம் 38 சம்பாதிக்கிறது, 10 தங்கம் செலவாகும் வணிகச் சாவடியோ 26தான். சாவடிக்குப் போட்ட 5,000-ஐ எடுக்கப் பதினாறு வருடம்! நூற்றாண்டுக் கணக்கில் வாழும் எல்ஃப் ஆக இருந்தால் பரவாயில்லை.

போதாததற்கு, அந்த 30 நாளும் நம் வீரனே அங்கே நிற்க வேண்டும். தேர்ச்சியுள்ள ஆளுக்குக் கூலி நாளுக்கு 2 தங்கம், மாதத்துக்கு 60. நமக்குப் பதிலாக அப்படி ஒருவரை நிறுத்தினால் 33.5 லாபம் 26.5 நட்டமாகிவிடும். "மச்சான், இது யாவாரமா, இல்லாட்டி சம்பளம் குறைஞ்ச வேலையா?" என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி.

நான் செய்யும் திருத்தம் சின்னது. லாபப் பகடையைப் புத்தகம் எப்போதும் 5-ஆல் பெருக்கச் சொல்கிறது. அதற்குப் பதில் அந்தந்த வியாபாரத்தின் நாள் செலவால் பெருக்குங்கள். கடைக்கு 13.4, சத்திரத்துக்கு 33.5, சாவடிக்கு 67 என்று வருமானம் ஒழுங்குக்கு வந்துவிடும். சாவடியின் 5,000 ஏறக்குறைய 75 மாத வருமானம். அதே 75-ஐ மற்றவற்றுக்கும் போட்டால் கடை 1,000, தவறணை 2,500. புத்தகத்தின் ஒரே உறுதியான எண்ணிலிருந்து பிறந்த விலைகள் என்பதால் மேசையில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

துறைமுகப் பட்டணத்துத் தவறணை என்றால் சீசனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துக் கடற்கரைகளான உப்புவெளி, நிலாவெளியில் ஜூலை மாதம் அறை தேடி அலைய வேண்டும், நவம்பர் மாரியில் கட்டில்கள் காலி. நல்ல மாதத்தில் பகடைக்கு 20 கூட்டி, மாரியில் 20 கழிப்பேன். விற்பவன் எப்போதும் ஜூலைக் கணக்கைத்தான் காட்டுவான். அதைப் பிடிக்க உள்நோக்கறியும் திறன் சோதனை வைத்தால் பேரமே ஒரு நல்ல காட்சியாகிவிடும்.

மூன்றாவது, குழுவின் மடியைப் பார்த்து விலை சொல்வது. 5 முதல் 10 வரை சவால் அளவுள்ள (எதிரியின் பலத்தைச் சொல்லும் எண்) எதிரிகளின் புதையலில் காசு மட்டுமே சராசரியாக 3,857 தங்கம் தேறும். அதைப் பார்த்து "சரி, நாலாயிரம்" என்பார்கள். அதிகம் நடப்பது இதுதான், எனக்குப் பிடிக்காததும் இதுதான். அடுத்த புதையலோடு அதே தவறணைக்கு விலை ஏறினால் ஆடுபவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான்காவது, குத்தகை. பெரிய சொத்துகள் பல கைமாறுவது இப்படித்தான். திருகோணமலைச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளையே எடுங்கள். 2022 ஒப்பந்தத்தில் 99 தாங்கிகளையும் 14, 24, 61 எனப் பிரித்தார்கள். அதில் 14 இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.க்கு 50 வருடக் குத்தகைக்குப் போனது, உறுதி எழுதி விற்கவில்லை. விளையாட்டில் மாதம் 15 தங்கம் வாடகை, ஒரு வருட முற்பணம் 180. மூன்றாம் லெவல் குழுவுக்கும் கட்டும். மாரி மாதத்து நட்டம் குத்தகைக்காரன் தலையில், கூரை ஒழுகினால் உரிமையாளர் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டால் அடுத்த பத்து ஆட்டத்துக்குச் சண்டை தயார். உரிமையாளரைக் கொஞ்சம் கஞ்சனாக வைத்துவிடுங்கள்.