பிளஸ் டூ கணக்கு: கைடா, டியூஷனா, செயலியா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீடுகளில் ஜூன் மாதமே இந்தப் பேச்சு தொடங்கிவிடும். கணக்குக்கு டியூஷன் வேண்டுமா, கைடு போதுமா, இல்லை செல்போன் செயலியே சமாளித்துவிடுமா? இரண்டே இரண்டு கணக்கை மூன்றிடமும் கொடுத்துப் பார்ப்போம்.

முதலாவது இயற்கணிதம். ஓர் எண்ணோடு 3 கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், அதே எண்ணில் 3 கழித்தது கிடைக்கிறது, எண் என்ன? இரு பக்கமும் வர்க்கப்படுத்தினால் 1, 6 என இரண்டு விடை வரும். 1 தேறாது: ஒரு பக்கம் 2, மறுபக்கம் −2. இதில் செயலிதான் கெட்டி. படம் எடுத்தால் படிப்படியாகக் காட்டும், நல்ல செயலியாக இருந்தால் 1ஐத் தானே தள்ளிவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு எந்த சாரைக் கூப்பிட முடியும்?

இரண்டாவது நுண்கணிதம். 12 செ.மீ. சதுரத் தகட்டின் நான்கு மூலையிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி, மடித்துத் திறந்த பெட்டி செய்ய வேண்டும்; பெட்டியின் கன அளவு மிக அதிகமாக இருக்க எவ்வளவு வெட்ட வேண்டும்? வகையிட்டுப் பூஜ்ஜியத்துக்குச் சமன் செய்தால் 2, 6. அந்தச் சமன்பாட்டை மட்டும் செயலியிடம் கொடுத்தால் இரண்டையும் நீட்டும். தகடு இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? கைடு "6 ஏற்கத்தக்கதல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிடும். ஏன் என்று கேட்க ஆளில்லை.

டியூஷனில் கதையே வேறு. பழைய வீட்டு முகப்புத் திண்ணை, சுவரில் சாய்த்த கரும்பலகை. "ஏம்ப்பா, ரெண்டு மூலையிலும் 6 வெட்டினா மிச்சம் என்ன இருக்கும்?" என்கிறார் சார். பையன் நோட்டுத்தாளைக் கிழித்து மடித்துப் பார்க்கிறான். ஒன்றும் மிஞ்சவில்லை. 2 வெட்டினால் 128 கன செ.மீ. பெட்டி. இனி இந்த மாதிரிக் கணக்கு எங்கே வந்தாலும் விடையை நம்புவதற்கு முன் தகட்டைப் பார்ப்பான்.

எழுத்துத் தேர்வின் 90 மதிப்பெண்ணில் 35, ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கு. இப்படிப்பட்ட கணக்குகள் அங்கேதான் வந்து நிற்கும். ஆகவே நுண்கணிதப் பயன்பாடுகளுக்கு மட்டுமாவது டியூஷன் என்பேன். இயற்கணிதத்துக்குக் காசு கொடுப்பது வீண். முதலில் தானே போட்டுவிட்டு, செயலியில் சரிபார்த்தால் போதும். போடாமலே படம் எடுக்கிற பிள்ளையென்றால் போனை வாங்கி வைத்துவிடுங்கள். கைடு கடைசி மாதத்தில், ஒரு மதிப்பெண் கேள்விகளைப் புரட்டிப் பார்க்க.

சுற்றுக் கிராமங்களில் இருந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் செலவில்லை. ஆனால் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு சேர்த்துவிடுங்கள். கடைசி பஸ்ஸுக்குப் பாதிக் கணக்கில் எழுந்து ஓடினால், மீதியைக் கைடைப் பார்த்துத்தான் எழுத வேண்டிவரும்.