புழுக்குழாய்க் கொத்து உதிர்கிறதா? வெள்ளைப் பசையா, பாராலாய்டா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் கிரானைட்டும் நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறையும்தான்; கடல் புதைபடிவம் கிடைக்காது. பள்ளி அலமாரிக்கு அரியலூர்ப் பக்கத்துக் கிரெட்டேசியப் (டைனோசர்கள் வாழ்ந்த காலத்துப்) பாறையிலிருந்து வந்த கடற்புழுக் குழாய்ப் புதைபடிவங்கள், ஒன்றோடொன்று பின்னிய சுண்ணாம்புக் குழல்கள், தொட்டாலே பொடியாகும். அதை இறுக்க இரண்டு வழி.

செலவு: மரவேலைக்கான வெள்ளைப் பசை எந்த ஹார்டுவேர் கடையிலும் மலிவு. பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் மணிகளை வெளியிலிருந்து தருவிக்க வேண்டும்; அதைக் கரைக்க அசிட்டோனும் தேவை.

கலவை: பசை 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு. பாராலாய்ட் 5 கிராமைத் துணியில் முடிந்து 100 மி.லி. அசிட்டோனில் தொங்கவிட்டால் மறுநாள் கரைந்திருக்கும். அடியில் கொட்டினால் கட்டிதான் மிஞ்சும்.

ஈரம்: படிவம் ஈரமாக இருந்தால் பசைதான். பாராலாய்ட் ஈரத்தில் பால்போல் வெளுத்து, குழாயின் வளர்ச்சி வரிகளை மறைத்துவிடும். ஆனால் களிமண் ஒட்டிய துண்டில் பசைத்தண்ணீர் பட்டால் களிமண் ஊதி, குழாயே பிளக்கும்.

பிரித்தெடுப்பு: முக்கியமானது இதுதான். பாராலாய்ட் எத்தனை ஆண்டானாலும் அசிட்டோனில் கரையும். பசை நாளாக ஆக மஞ்சளாகும், கழற்றுவதும் கடினம்.

வெயில்: பாராலாய்ட் 40 டிகிரியை நெருங்கினால் இளகும், பசை அதற்கும் முன்னரே. சித்திரையில் தகரக் கூரை அறை இரண்டுக்கும் ஆகாது.

மாணவர் கையில் புழங்கும் சாதாரணத் துண்டுக்குப் பசை போதும். இனம் கண்டறிய வேண்டிய நல்ல கொத்துக்குப் பாராலாய்டே. ஜன்னல் திறந்து, நெருப்பு அண்டாமல் பூசுங்கள்.