குழாய் வைத்த 50 லிட்டர் நீல டிரம்: வாங்கலாமா?

வைகை அணை வற்றும் கோடையில் குழாய்த் தண்ணீர் நாள் தள்ளி வரும் மதுரை வீடுகளுக்கு இந்த அளவு நன்றாகப் பொருந்தும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்றால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர்.

வாங்கும்போது அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண்ணைத் தேடுங்கள், அது HDPE என்ற பிளாஸ்டிக் வகையின் குறி. அது மட்டும் போதாது, உணவுப் பொருளுக்கான புது டிரம்தானா என்றும் கேளுங்கள். ரசாயனம் வந்த பழைய டிரம் எவ்வளவு கழுவினாலும் குடிநீருக்கு ஆகாது. நெடி பிளாஸ்டிக்கிலேயே ஊறியிருக்கும்.

பெரிய குறை குழாய்தான். கூட வரும் வாஷர் மெலிசு, நட்டை இறுக்கினால் பிதுங்கி ஒழுகும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று எனத் தடித்த ரப்பர் வாஷர் போட்டுக் கையால் மட்டும் இறுக்குங்கள்.

வாய் அகலம், கை விட்டுத் தேய்க்கலாம். இதற்காகவே வாங்கலாம். மூடி இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டில் தண்ணீர் சேமிக்கும் பாத்திரங்களிலும் முட்டையிடும்.

நிரம்பினால் 50 கிலோவுக்கு மேல். இடத்தில் வைத்த பிறகே நிரப்புங்கள். வெயிலும் பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமும் ஆகாது. அவசரத்துக்கென்று எடுக்காமல் வைத்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், பழையது செடிக்கு ஆகும்.